பல் உறை: அழகுக்கா, காப்புக்கா?

‘பல் போனால் சொல் போச்சு’ என்பது நம் பாட்டிமார் வாயில் அடிக்கடி வரும் பழமொழி. பல் முழுவதும் போன பிறகும் சொல் மட்டும் குறையாத பாட்டிகளைப் பார்த்து வளர்ந்த நாம் இதை நகைச்சுவையாகவே எடுத்துக்கொண்டிருப்போம். ஆனால் இலக்கணம் படித்தவர்களுக்கு இப்பழமொழியின் உண்மை வேறு வழியிலும் தெரியும். தொல்காப்பியர் பிறப்பியலில் எழுத்துகள் பிறக்கும் இடங்களை வகுத்துச் சொல்கிறார். நாக்கின் நுனி பரந்து மேல்வாய்ப் பல்லின் அடியைச் சேரும்போது தகரமும் நகரமும் பிறக்கின்றன. மேற்பல்லும் கீழுதடும் இயையும்போது வகரம் பிறக்கிறது. ‘வந்தது’ என்ற ஒரு சொல்லில் இம்மூன்றும் இருக்கின்றன. முன்பல் இரண்டும் விழுந்த முதலாம் ஆண்டுப் பிள்ளை ஒன்றைப் பிடித்து அச்சொல்லைச் சொல்லச் சொல்லிப் பாருங்கள், பிறப்பியல் தானாகப் புரியும்.

பல்லுக்கும் சொல்லுக்கும் இவ்வளவு நெருக்கம் இருந்தும், நம்மில் பலர் பல் மருத்துவரிடம் போவதற்குக் காரணங்கள் இரண்டே. ஒன்று, இரவில் தூங்கவிடாத வலி. மற்றொன்று அண்மைக் காலத்தில் சேர்ந்துகொண்டது: அழகு. பட்டமளிப்பு விழா, நிச்சயதார்த்தம், திருமணம் என்று ஏதேனும் ஒரு நாள் நெருங்கும்போது பல்லை வெண்மையாக்க வேண்டும், ‘வெனீர்’ ஒட்ட வேண்டும், ‘கிரவுன்’ போட வேண்டும் என்ற பேச்சு வீட்டில் எழுகிறது. இவற்றுள் அதிகம் குழப்பிக்கொள்ளப்படுவது கிரவுன்தான். நான் பல் மருத்துவ மாணவன் அல்லன். ஜெராமிலிருந்து உறவினர் இருவரைப் பல் மருத்துவரிடம் அழைத்துப் போய், அவர் சொன்னதைக் கேட்டு, பின்னர் அதைப் பற்றித் தேடிப் படித்தவன் என்ற அளவில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்ப்பள்ளியை முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போன பிறகு பல்லின் பாகங்கள் எனக்கு மலாய்மொழியில் அறிமுகமாயின. கிரவுனை மலாயில் ‘கொரோனா’ என்பார்கள். (பெருந்தொற்றுக்குப் பிறகு இச்சொல்லைப் பல் மருத்துவமனையில் கேட்டால் பாதி உயிர் போய்விடுகிறது.) ‘கிரவுன்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குக் கிரீடம் என்று பொருள். உண்மையில், ஈறுக்கு மேலே வாயில் தெரியும் பல்லின் பகுதியைத்தான் உடற்கூற்று நூல்கள் அப்பெயரால் குறிக்கின்றன. அப்பகுதி சிதைந்துபோனபோது அதற்குப் பதிலாக மாட்டப்படும் செயற்கைப் பகுதிக்கும் அதே பெயர் வந்துவிட்டது. நாமோ கிரீடம் என்றதும் தலையில் சூடும் நகையை நினைத்துக்கொள்கிறோம். அழகுக்காகப் போடுவது என்ற எண்ணம் பெயரிலேயே புகுந்துகொள்கிறது. கத்திக்கு உறை, தலையணைக்கு உறை என்பதுபோல் ‘பல் உறை’ என்று சொன்னால், உள்ளே ஏதோ ஒன்று இருக்கிறது, அதைக் காப்பதற்குத்தான் இது என்பது விளங்கும். ஆகவே இனி உறை என்றே எழுதுகிறேன்.

உள்ளே இருப்பது என்ன? பல்லின் வெளிப்போர்வை எனாமல். மனித உடலிலேயே மிகக் கடினமான பொருள் அதுதான். கடைவாய்ப் பல்லின் மேட்டில் அது ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் தடிப்பு இருக்கும். முன்பல்லில் அதைவிட மெல்லியது. ஈறை ஒட்டிய கழுத்துப் பகுதியில் காகிதம்போல் தேய்ந்துவிடும். அதற்கு உள்ளே சற்று மென்மையான, மஞ்சள் சாயல் கொண்ட தந்தினி. அதற்கும் உள்ளே இரத்தக் குழாயும் நரம்பும் ஓடும் பற்கூழ். எலும்பு முறிந்தால் கூடும், தோல் கிழிந்தால் வளரும். எனாமல் மட்டும் வளராது. அதை உருவாக்கிய உயிரணுக்கள் பல் முளைக்கும்போதே மறைந்துவிடுகின்றன. நாற்பது வயதில் நாம் மென்று தின்னும் எனாமல், பள்ளிக்கூடக் காலத்தில் உருவாகி முடிந்த அதே எனாமல்தான். பல் உறை பற்றிய எந்த முடிவும் இந்த ஓர் உண்மையிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம்.

ஏனென்றால், உறை மாட்ட வேண்டுமானால் பல்லைச் சுற்றிலும் செதுக்கியாக வேண்டும். பல்லின் மேல் அப்படியே தொப்பி கவிழ்ப்பதாகச் சிலர் நினைக்கிறார்கள். அப்படிச் செய்தால் பல் பருத்துப்போகும், வாயை மூடினால் அந்தப் பல் மட்டும் முட்டும். எனவே மருத்துவர் மரத்துப்போகும் ஊசி போட்டு, பல்லின் நாலா பக்கமும் மேலேயும் ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் வரை அரைத்தெடுக்கிறார். அரைக்கும்போது சூட்டில் பற்கூழ் செத்துவிடாமல் இருக்க ஓயாமல் நீர் பீய்ச்சப்படுகிறது. பிறகு அச்சு எடுக்கிறார். முன்பு வாய் நிறையப் பசையை அடைத்து எடுப்பார்கள், இப்போது சில கிளினிக்குகளில் சிறிய கேமராவை வாய்க்குள் சுழற்றிக் கணினியில் பதிகிறார்கள். அந்த அச்சு, பல் தொழில்நுட்பரின் கூடத்துக்குப் போய் உறையாக வந்து சேர ஒன்றிரண்டு வாரங்கள் ஆகும். அதுவரை தற்காலிக உறை ஒன்று. உண்மையான உறை வந்ததும் நிறத்தையும் விளிம்பையும் பார்த்து, வண்ணத்தாளைக் கடிக்கச் சொல்லி, உயரமாக இருக்கும் புள்ளியைத் தேய்த்துச் சரிசெய்து, கடைசியில்தான் சிமெண்டு வைத்து ஒட்டுகிறார்கள்.

எவ்வளவு பல் போகிறது என்பதை எடைபோட்டே பார்த்திருக்கிறார்கள். எடெல்ஹாஃப், சோரன்சன் என்னும் இருவர் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், முன்பல்லுக்கு முழு உறை போடச் செதுக்கும்போது வாயில் தெரியும் பல்பகுதியின் எடையில் 63 முதல் 72 விழுக்காடு வரை போய்விடுவதாகக் கண்டார்கள். அதே பல்லின் முன்பக்கம் மட்டும் மெல்லிய பீங்கான் ஏடு ஒட்டும் வெனீருக்கு, அது செய்யப்படும் முறையைப் பொறுத்து, 3 முதல் 30 விழுக்காடு. சிதைந்த பல்லில் இது பெரிய இழப்பல்ல, போகவேண்டியது முன்பே போய்விட்டது. நல்ல பல்லில் இது எவ்வளவு பெரிய விலை என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். மேலும் செதுக்கப்பட்ட பற்கள் சிலவற்றில், சில ஆண்டுகள் கழித்துப் பற்கூழ் செத்துப்போய், உறைக்குள்ளேயே வேர் சிகிச்சை செய்ய வேண்டி வருகிறது.

இதைப் படித்துவிட்டு, உறையே வேண்டாம் என்று யாரும் முடிவெடுத்துவிடக் கூடாது. அதே 2002-இல், அதே ஆய்விதழில் வந்த இன்னொரு கட்டுரை மறுபக்கத்தைச் சொல்கிறது. அக்குவிலினோ, கேப்லன் என்ற இருவர் அமெரிக்காவில் வேர் சிகிச்சை செய்யப்பட்ட பற்களின் பதிவேடுகளைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். வேர் சிகிச்சைக்குப் பிறகு உறை போடாமல் விடப்பட்ட பற்கள், உறை போடப்பட்ட பற்களைவிட 6 மடங்கு வேகத்தில் இழக்கப்பட்டிருந்தன. காரணம் எளியது. வேர் சிகிச்சைக்கு வரும் பல் ஏற்கெனவே சொத்தையால் குடையப்பட்டிருக்கும். உள்ளே போக வழி திறக்கும்போது இன்னும் கொஞ்சம் போகும். மிஞ்சுவது சுவர் மட்டும் நிற்கும் கூரையில்லா வீடு. கடைவாயில் நாம் கடிக்கும் விசை அந்தச் சுவர்களை வெளிப்பக்கமாகத் தள்ளும். ஒருநாள் அது பிளக்கும்.

என் மாமா ஒருவருக்கு அப்படித்தான் பிளந்தது. அவர் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறவர். கீழ்க் கடைவாய்ப் பல்லில் வலி தாங்காமல் காப்பாரில் எங்கள் குடும்பம் வழக்கமாகப் போகும் பல் மருத்துவரிடம் போனார். வேர் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. “மாதம் முடிவதற்குள் உறை போட்டுவிடுங்கள் அண்ணே, தள்ளிப்போடாதீர்கள்” என்று மருத்துவர் திரும்பத் திரும்பச் சொன்னார். வலி நின்றுவிட்டது. வலி நின்ற பல்லுக்கு மேற்கொண்டு ஆயிரம் வெள்ளி செலவழிப்பதைவிட, பள்ளி திறக்கும் மாதத்தில் அவருக்குத் தலைக்கு மேல் வேறு செலவுகள் இருந்தன. எட்டு மாதம் கழித்து, தீபாவளிக்கு மறுநாள் முறுக்கைக் கடித்தபோது சத்தம் கேட்டது. பல் வேர்வரை இரண்டாகப் பிளந்திருந்தது. வேர் பிளந்த பல்லை ஒட்டவைக்க வழியில்லை, பிடுங்கத்தான் வேண்டும். வேர் சிகிச்சைக்குக் கொடுத்த பணமும் அதோடு போயிற்று. இப்போது அந்த இடம் வெற்றிடமாக இருக்கிறது. அங்கே பல் நடுவதற்கு ஆகும் செலவைக் கேட்டுவிட்டு மாமா சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்.

மாமாவைக் குறை சொல்வது சுலபம். ஆனால் இது ஒரு தனி மனிதரின் அசட்டை மட்டுமன்று. எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் பல்வலி என்றால் முதலில் கிராம்பு, பிறகு உப்புநீர், பிறகு தோட்ட மருந்தகத்து டிரசர் கொடுக்கும் மாத்திரை, அதற்கும் அடங்காவிட்டால் டவுனுக்குப் போய்ப் பிடுங்குவது என்பதே தலைமுறைகளாக இருந்த வழக்கம். பல்லைக் காப்பாற்றுவது என்ற பேச்சே அந்த வரிசையில் கிடையாது. பள்ளிப் பிள்ளைகளின் நிலை வேறு. பினாங்கில் 1949-இல் பயிற்சி தொடங்கப்பட்ட பல் தாதியர் முறை நாடெங்கும் பரவி, பள்ளிக்கே வந்து வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தது. தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களுக்கு அந்த வெள்ளைச் சீருடையும், வகுப்பிலிருந்து பெயர் பெயராக அழைக்கப்படும்போது வயிற்றில் கிளம்பும் கலக்கமும் மறந்திருக்காது. ஆனால் பள்ளியை விட்டு வெளியேறிய பிறகு யாரும் நம்மைத் தேடி வந்து வாயைத் திறக்கச் சொல்வதில்லை. பதினேழு வயதுக்கும் கடுமையான முதல் பல்வலிக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில்தான் பெரும்பாலான பற்கள் கெடுகின்றன என்று எனக்குத் தோன்றுகிறது.

அடுத்து, உறை எதனால் ஆனது என்பது பற்றிச் சுருக்கமாக. பழைய தலைமுறையில் பலர் வாயில் மின்னிய தங்கப்பல்லை நாம் இன்று கிண்டல் செய்கிறோம். ஆனால் தங்கக் கலவை மிக நல்ல உறைப்பொருள் என்பதைப் பல் மருத்துவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். அதற்குப் பல்லைக் குறைவாகச் செதுக்கினால் போதும், எதிர்ப்பல்லையும் அது தேய்க்காது. அதன்பின் வந்தது உலோகத்தின்மேல் பீங்கான் பூசிய உறை. உறுதியானது, ஆனால் ஈறு சற்று இறங்கினால் விளிம்பில் சாம்பல் நிறக் கோடு தெரியும். இன்று அதிகம் பேசப்படுவது சிர்கோனியா. மிக வலுவானது, கடைவாய்க்கு ஏற்றது. முன்பல்லுக்கு, ஒளியைச் சற்று ஊடுருவவிடும் கண்ணாடிப் பீங்கான் வகை இயற்கையாகத் தோன்றும். எது விலை அதிகமோ அதுதான் நல்லது என்பதில்லை. எந்தப் பல், எவ்வளவு மிச்சம், இரவில் பல் கடிக்கும் பழக்கம் உண்டா என்பதைப் பொறுத்தே தேர்வு. உறைக்கு ஆயுளும் உண்டு. பத்துப் பதினைந்து ஆண்டுகள் நன்றாக உழைத்தால் நல்ல உறை. சில அதற்கு மேலும் நிற்கும். இருபத்திரண்டு வயதில் போடும் உறையை ஐம்பது வயதுக்குள் இரண்டு முறையாவது மாற்ற வேண்டியிருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் பல் போகும்.

அழகுக்காகப் பல்லை மறைக்கும் வழக்கம் எங்கிருந்து தொடங்கியது என்று தேடியபோது ஒரு சுவையான செய்தி கிடைத்தது. பீங்கான் உறையை 1880-களில் உருவாக்கியவர் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரப் பல் மருத்துவர் சார்ல்ஸ் லேண்ட். அட்லாண்டிக் கடலைத் தனியாக விமானத்தில் கடந்த லிண்ட்பெர்க்கின் தாய்வழிப் பாட்டனார் அவர். அது நோயுற்ற பல்லுக்கான மருத்துவம். அழகு என்ற பேச்சு ஹாலிவுட்டில்தான் தொடங்கியது. 1920-களின் இறுதியில் சார்ல்ஸ் பிங்கஸ் என்ற பல் மருத்துவர், நடிகர்கள் கேமரா முன் நிற்கும்போது பல்லின்மேல் ஒட்டிக்கொள்ள மெல்லிய ஏடுகளைச் செய்து கொடுத்தார். குழந்தை நட்சத்திரம் ஷெர்லி டெம்பிளின் பால்பற்கள் விழும் வயதில், இடைவெளி தெரியாமல் இருக்க அவருக்கும் இவை பயன்பட்டன. படப்பிடிப்பு முடிந்ததும் கழற்றி வைத்துவிடுவார்கள். அதாவது முதல் வெனீர் ஒப்பனைப் பொருள்தான், பல்லைத் தொடவே இல்லை. 1955-இல் புவோனகோரே என்பவர் எனாமலை அமிலத்தால் சற்றே சொரசொரப்பாக்கினால் பசை உறுதியாகப் பிடிக்கும் என்று கண்டுபிடித்தார். 1980-களில் பீங்கான் ஏட்டையும் அவ்வாறே ஒட்டக் கற்றுக்கொண்ட பிறகுதான் இன்றைய நிலையான வெனீர் பிறந்தது.

இங்கே ‘துருக்கிப் பற்கள்’ என்ற சொல்லையும் குறிப்பிட வேண்டும். பிரிட்டனிலிருந்து மலிவான சிகிச்சை தேடித் துருக்கிக்குப் பறந்த இளைஞர்கள், வெனீர் போட்டுக்கொண்டதாகச் சொல்லித் தம் வாயைக் காணொளி எடுத்து வெளியிட்டார்கள். சிகிச்சையின் இடையில் எடுத்த அப்படங்களில் பற்கள் கூர்சீவிய ஆணிகளைப்போல் நின்றன. அதைப் பார்த்த பிரிட்டிஷ் பல் மருத்துவர்கள், இது வெனீருக்கான செதுக்கல் அல்ல, முழு உறைக்கான செதுக்கல் என்று 2021 வாக்கில் எச்சரிக்கத் தொடங்கினார்கள். தமக்கு என்ன செய்யப்படுகிறது என்பதே தெரியாமல், இருபது வயதில் இருபது நல்ல பற்களில் முக்கால் பங்கை இழந்தவர்கள் அவர்கள். பெயர் தெரியாததன் விலை அது.

நம் வீட்டுக்கு வருவோம். என் பெரியம்மா மகளுக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது. சிறுவயதில் மிதிவண்டியிலிருந்து விழுந்ததில் அக்காவின் மேல் முன்பல் ஒன்று அடிபட்டு, ஆண்டுகள் போகப் போகச் சாம்பல் நிறமாகிவிட்டது. நிழற்படம் எடுத்தால் உதட்டை மூடியே சிரிப்பார். இணையத்தில் யாரோ ஒருவர் ‘ஒரு மணி நேரத்தில் வெனீர், சில நூறு வெள்ளிதான், வீட்டுக்கே வந்து செய்வோம்’ என்று விளம்பரம் போட்டிருந்தார். அக்காவுக்கு அதில் ஆசை. பெரியம்மாவுக்கோ, இருக்கிற நகைச்சீட்டை எடுத்தாவது முன்பல் ஆறுக்கும் ஒரேயடியாகக் கிரவுன் போட்டு, கல்யாணப் பெண்ணை இலட்சணமாக மேடையேற்ற வேண்டும் என்று ஆசை. இரண்டுக்கும் நடுவில் என்னைப் பிடித்து, “நீ படித்த பிள்ளை, கூட வந்து கேளுடா” என்றார்கள்.

காப்பார் மருத்துவர் படம் எடுத்துப் பார்த்தார். பக்கத்துப் பற்களைக் குளிர்ந்த பஞ்சால் தொட்டுப் பார்த்தார். பிறகு பெரியம்மாவிடம், “ஏம்மா, ஒரு பல்லு கறுத்திருக்கு, சரி. மத்த அஞ்சு பல்லு என்னம்மா பாவம் பண்ணுச்சு?” என்று கேட்டார். அவர் விளக்கியது இது. அடிபட்ட பல்லின் கூழ் செத்துவிட்டது. உள்ளே தேங்கிய இரத்தத்தின் கறைதான் வெளியே சாம்பலாகத் தெரிகிறது. பல்லின் உருவம் முழுமையாக இருக்கிறது, உடையவில்லை, சொத்தையும் இல்லை. எனவே வேர் சிகிச்சை செய்து, பல்லின் பின்பக்கத் துளைக்குள் வெளுப்பு மருந்தை வைத்து மூடி, சில நாள் இடைவெளியில் மாற்றி மாற்றி வைத்தால் உள்ளிருந்தே நிறம் திரும்பும். வெளிப்பக்கம் கைவைக்கவே தேவையில்லை. சில ஆண்டுகளில் மீண்டும் சற்று மங்கலாம். அப்போது திரும்பவும் வெளுக்கலாம், அல்லது அந்த ஒரு பல்லுக்கு மட்டும் வெனீரைப் பற்றி யோசிக்கலாம். கடைவாய்ப் பல்லைப்போல் முன்பல்லுக்கு வேர் சிகிச்சைக்குப் பின் கட்டாயம் உறை வேண்டும் என்பதில்லை, அதன்மேல் விழும் விசை வேறு என்றும் சொன்னார்.

நான்கு முறை போய்வந்தோம். பல் பக்கத்துப் பல்லின் நிறத்துக்கு மிக அருகில் வந்துவிட்டது. முழுக்க ஒன்றுபோல் ஆகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மருத்துவர் வண்ண அட்டையைப் பல்லருகே பிடித்து அரைப்படி வித்தியாசம் இருப்பதைக் காட்டினார். மேடையில் யாருக்கும் அது தெரியவில்லை. ஆறு உறைகளுக்கு ஆகியிருக்கும் பணத்தில் சிறு பகுதியே செலவானது. மேலும் ஒரு செய்தியை அவரிடமிருந்து தெரிந்துகொண்டேன்: வெளுப்பு மருந்து இயற்கைப் பல்லைத்தான் வெளுக்கும், உறையையும் வெனீரையும் வெளுக்காது. பல்லை வெண்மையாக்கவும் வேண்டும், உறையும் போட வேண்டும் என்றால், முதலில் வெண்மையாக்கி, நிறம் நிலைத்த பிறகு அதற்கேற்ற உறையைச் செய்ய வேண்டும். மாற்றிச் செய்தவர்களின் வாயில் ஒரு பல் மட்டும் பழைய நிறத்தில் நிற்கும்.

அந்த ‘ஒரு மணி நேர வெனீர்’ ஆசாமியிடம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? செத்த கூழ் உள்ளே அப்படியே இருந்திருக்கும், வேர்நுனியில் சீழ் கட்டியிருந்தாலும் தெரியாது. மேலே ஒரு பிசின் ஏடு ஒட்டப்பட்டிருக்கும். இத்தகைய ஏடுகளின் விளிம்பு ஈறில் குத்தி வீங்கவைக்கும், இடுக்கில் உணவு தங்கிச் சொத்தையும் நாற்றமும் வரும் என்று பல் மருத்துவர்கள் தொடர்ந்து எச்சரித்து வருகிறார்கள். மலேசியச் சட்டப்படி வெனீர், பிரேஸ், பல் வெண்மையாக்கல் யாவும் பல் மருத்துவமே. அழகு நிலையத்திலோ தங்கும் விடுதி அறையிலோ செய்யக்கூடியவை அல்ல. 1998-ஆம் ஆண்டுத் தனியார் சுகாதாரப் பராமரிப்பு வசதிகள், சேவைகள் சட்டத்தின்படி, பதிவில்லாத கிளினிக் நடத்தும் தனிநபருக்கு 300,000 ரிங்கிட் வரை அபராதமோ 6 ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். 2017-இல் மலாக்காவில் யூடியூப் பார்த்துப் பிரேஸ் போடக் கற்றுக்கொண்ட 20 வயதுப் பெண்ணுக்கு 70,000 ரிங்கிட் அபராதம் விதிக்கப்பட்டது பலருக்கு நினைவிருக்கலாம். கட்ட முடியாமல் அவர் சிறைக்குப் போனார். நன்கொடையால் அபராதம் கட்டப்பட்டுச் சில நாளில் வெளியே வந்தார். பலர் அவருக்காக இரங்கினார்கள். ஏழைப் பெண்ணுக்கு இவ்வளவு பெரிய தண்டனையா என்ற கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அவரிடம் வாயைத் திறந்து காட்டியவர்களும் ஏழைகள்தாம். அவர்களுக்காக யாரும் நன்கொடை திரட்டியதாக நான் படிக்கவில்லை.

முறையான படிப்பில்லாமல் பல் பார்ப்பது இந்நாட்டுக்குப் புதிதும் அன்று. ஆங்கிலேயர் காலத்தில் மலாயா நகரங்களின் கடைத்தெருக்களில், தொழிலைத் தகப்பனிடமோ முதலாளியிடமோ பார்த்துக் கற்ற பல் வைத்தியர்கள் பலர் இருந்தார்கள். 1948-இல் பல் மருத்துவர் பதிவுச் சட்டம் வந்தபோது, அவர்களை ஒரே நாளில் துரத்திவிடாமல், ஏற்கெனவே தொழில் செய்துவந்தவர்களை ‘இரண்டாம் பிரிவு’ என்று தனியே பதிந்துகொண்டார்கள். பட்டதாரி மருத்துவர் மிகச் சிலரே இருந்த காலத்தில் அது வேறு வழியில்லாத ஏற்பாடு. 1972-இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவப் புலம் தொடங்கியது. பிறகு பல பல்கலைக்கழகங்களும் வந்துவிட்டன. 1971-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக இயற்றப்பட்ட 2018-ஆம் ஆண்டுப் பல் மருத்துவச் சட்டம் 2022 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. அன்று ஆள் பற்றாக்குறையால் தெருவோரப் பல் வைத்தியரிடம் போனார்கள். இன்று போவதற்குக் காரணம் விலைதான் என்று நினைக்கிறேன்.

விலையை மறைத்துப் பேசிப் பயனில்லை. தனியார் கிளினிக்கில் ஓர் உறைக்கு ஏறக்குறைய 800 முதல் 2,000 வெள்ளி வரை, சில இடங்களில் அதற்கு மேலும் ஆகிறது. தோட்டத்துச் சம்பளத்தில் அது விளையாட்டான தொகை அல்ல. அரசாங்கப் பல் மருத்துவமனைகளில் அடைப்பும் பிடுங்குதலும் சில வெள்ளிகளில் முடிந்துவிடும். ஆனால் உறை போன்ற சிகிச்சைக்கு நிபுணரிடம் அனுப்பப்பட்டு நீண்ட நாள் காத்திருக்க நேரும். பலருக்குத் தெரியாத ஒரு நடுவழி உண்டு. பல்கலைக்கழகங்களின் பல் மருத்துவப் புலங்களில், விரிவுரையாளரின் மேற்பார்வையில் மாணவர்களே சிகிச்சை செய்கிறார்கள். கட்டணம் தனியாரைவிடக் குறைவு. ஒரு வேலைக்கு நாலைந்து முறை போக வேண்டும், ஒவ்வொரு முறையும் அரைநாள் ஆகும் என்ற பொறுமை மட்டும் தேவை. மலாயாப் பல்கலைக்கழகத்திலும், கோலாலம்பூரில் இருக்கும் மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவப் புலத்திலும் இவ்வசதி உண்டு. கோலாலம்பூரில் படிக்கும் நாம் ஊரிலிருந்து அம்மாவையோ அப்பாவையோ வரவழைத்து அழைத்துப் போகலாம்.

பெரியவர்களை அழைத்துப் போவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. வெற்றிலை போடும் பாட்டி, “பல்லெல்லாம் சிவந்துபோச்சு, வெள்ளையாக்க முடியுமா?” என்று கேட்டால், கறையைச் சுரண்டிச் சுத்தம் செய்வது சிறிய வேலை. ஆனால் கன்னத்தின் உட்பக்கத்திலோ நாக்கின் ஓரத்திலோ வெள்ளையாகவோ சிவப்பாகவோ ஒரு திட்டு இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாமல் இருந்தால் அது அழகுப் பிரச்சினை அல்ல. இந்நாட்டில் வாய்ப் புற்றுநோய் இந்தியர்களிடையே மற்ற இனத்தாரைவிட அதிகம். வெற்றிலை பாக்கு போடும் பழக்கம் அதற்கு முக்கியக் காரணம். புகையிலை சேர்க்காத வெற்றிலைப் பாக்கும் புற்றுநோய் விளைவிக்கும் என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004-இல் வெளியிட்ட அறிக்கையில் வகைப்படுத்தியது. பல்லைப் பார்க்க உட்காரவைத்த நாற்காலியில் மருத்துவர் இதையும் பார்த்துவிடுவார், வலியே இல்லாத காலத்திலேயே.

எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் செய்யக்கூடியவை சில. மருத்துவரின் பெயர் மலேசியப் பல் மருத்துவ மன்றத்தின் பதிவேட்டில் இருக்கிறதா என்று அதன் இணையத்தளத்தில் தேடிப் பார்க்கலாம். அவர் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய தொழில் சான்றிதழ் உண்டா என்று கேட்கலாம். சிகிச்சைக்கு முன்பே மொத்தச் செலவின் மதிப்பீட்டைக் கேட்டு வாங்கலாம். உறை என்று அவர் சொன்னால், “இந்தப் பல்லுக்கு அடைப்பு போதாதா டாக்டர்? எவ்வளவு செதுக்குவீர்கள்? படத்தில் காட்டுங்கள்” என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவுமில்லை. நல்ல மருத்துவர் படத்தைத் திருப்பிக் காட்டி விளக்குவார்.

உறை போட்டுக்கொண்டவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். உறை சொத்தையாகாது. ஆனால் உறையின் விளிம்பு முடிந்து சொந்தப் பல் தொடங்குமிடம், ஈறை ஒட்டிய அந்தக் கோடு, சொத்தையாகும். வேர் சிகிச்சை செய்த பல்லில் நரம்பு இல்லாததால் அது வலிக்கவும் செய்யாது. உறை ஒருநாள் பல்லோடு கழன்று கையில் வரும்போதுதான் தெரியும். இரவில் துலக்கும்போது தூரிகையின் முடியை ஈறின் பக்கம் சாய்த்து அந்தக் கோட்டில் வைத்துத் தேய்க்க வேண்டும். பல்லிடுக்கு நூலை மேலிருந்து இறக்கி, வெளியே எடுக்கும்போது மேலே இழுக்காமல் பக்கவாட்டில் உருவ வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவர் ஊசிமுனைக் கருவியால் அவ்விளிம்பைத் தடவிப் பார்ப்பார். மாமாவின் வாயில் மறுபக்கக் கடைவாய்ப் பல்லுக்கு இப்போது உறை இருக்கிறது. அவரும் அந்த நூலை லாரியின் முன்பெட்டியில் வைத்திருக்கிறார்.